அந்த மணியை அடிச்சது யாரு

குழாய்க்காரர்: லீக்கு எங்கம்மா? சொட்டுத் தண்ணி இல்ல. பைப்பு எலும்பாட்டம் காஞ்சு கெடக்கு.

மேனேஜர்: நல்லா உள்ள பாருங்க. அந்தச் சுவரோரமா.

குழாய்க்காரர்: சுவரோரமாத்தான் பாக்குறேன். டார்ச்ச என் மூஞ்சில அடிச்சா பைப்பு எப்படித் தெரியும்? நீதான் தெரிவ.

மேனேஜர்: இத்தன வருஷத்துல இன்னிக்காவது நான் தெரியுறேனே.

குழாய்க்காரர்: ஆரம்பிச்சிட்டியா... லீக்கு இல்ல. நான் கெளம்புறேன். இந்த ரூம்ல காத்தே இல்ல.

மேனேஜர்: உக்காருங்க. வீட்லதான் நான் பொண்டாட்டி. இங்க அரங்கத்து மேனேஜர். நான் சொல்ற வரைக்கும் வேலை முடியல.

குழாய்க்காரர்: ரெண்டு எடத்துலயும் அதட்டல் என்னவோ ஒண்ணுதான்.

மேனேஜர்: எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன்? இங்க தண்ணி அடைச்சிருக்கு வாங்க, அங்க ஒழுகுது வாங்கன்னு. ஒவ்வொரு தடவையும் வேற ஆள அனுப்பிருவீங்க. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறவரு, பொண்டாட்டி வேல பாக்குற எடத்துல மட்டும் கால் வைக்க மாட்டாரு. ஏங்க அப்படி?

குழாய்க்காரர்: அது... சொந்தத்துல வேல செஞ்சா பேரு கெட்டுரும்பாங்க...

மருந்துக்கடை: தங்கச்சி! தங்கச்சி, எங்க இருக்க? காய்ச்சல் மாத்திரை கேட்டியே, யாருக்குக் காய்ச்சல்? கடைய அப்படியே போட்டுட்டு ஓடி வர்றேன்...

மேனேஜர்: இங்க வாங்கண்ணே. ஸ்டோர் ரூம்ல இருக்கோம்.

மருந்துக்கடை: ஸ்டோர் ரூ... அட, மாப்ள! நீயுமா? நீ எப்படி இங்க?

குழாய்க்காரர்: லீக்காம்.

மருந்துக்கடை: ஓ... சரி சரி. மாத்திரைய இந்தா வாங்கிக்க தங்கச்சி. நான் உள்ள வரல. செருப்பு ஈரம்.

மேனேஜர்: தரையே தூசி. வாங்க உள்ள.

மருந்துக்கடை: வேணாம்மா. வெளிய நின்னே பேசுறேன். அடேயப்பா, நாற்காலியெல்லாம் இன்னும் அதே மாதிரி அடுக்கி...

குழாய்க்காரர்: டேய்.

மேனேஜர்: அதே மாதிரின்னா? நீங்க இந்த ரூம எப்பண்ணே பாத்தீங்க?

மருந்துக்கடை: நானா? நான் எங்க பாத்தேன்? நாற்காலின்னா அடுக்கித்தான வைப்பாங்க. பொதுவா சொன்னேன்.

மேனேஜர்: பொதுவா சொன்னீங்க. சரி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. சனிக்கிழமை மொட்டைமாடி குழு கச்சேரிக்கு வர்றாங்க, தெரியும்ல?

மருந்துக்கடை: என்ன கேள்வி இது? போஸ்டர் ஒட்டின அன்னிக்கே என் கடை கல்லாவுக்கு மேல ஒண்ணு ஒட்டியாச்சு. இருமல் மருந்து வாங்க வர்றவங்களுக்கெல்லாம் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். இவங்க கச்சேரிக்குப் போங்க. இருமல் வந்தாலும் அடக்காதீங்க, அதையும் ராகமாக்கிருவாங்க.

குழாய்க்காரர்: அது நெசம். மேடை ஏறுற வரைக்கும் என்ன வாசிக்கப்போறோம்னு அவங்களுக்கே தெரியாது. ஒரே பாட்ட ரெண்டு தடவ ஒரே மாதிரி வாசிச்சதா சரித்திரமே இல்ல.

மருந்துக்கடை: முன்ன இங்க வந்தப்ப ஒரு கொழந்த அழுதுச்சே, ஞாபகம் இருக்கா மாப்ள? கூட்டத்துக்கு நடுவுல வீல்னு ஒரு கத்து...

குழாய்க்காரர்: அம்மாக்காரி பாவம், எழுந்திரிச்சுப் போகப் பாக்குது. பாடுறவரு கையக் காட்டி, இரும்மான்னு சொல்லிட்டு, அந்த அழுகையோட சுதியப் புடிச்சாரு பாரு! கொழந்த ஒரு இழு, அவரு ஒரு இழு...

மருந்துக்கடை: கடைசில கொழந்தையே, என்னடா இவன் நம்மள விடப் பெரிய ஆளா இருக்கான்னு வாய மூடிருச்சு!

குழாய்க்காரர்: கிட்டார்காரருக்கு கம்பி அறுந்துச்சே. நிறுத்தினாரா? அறுந்த கம்பி தொங்க, மிச்சத்துல வாசிச்சாரு. அந்தக் கம்பி மைக்குல ஒரசுற சத்தத்துக்கே ஒரு தாளம் போட்டாங்க.

மருந்துக்கடை: முன் வரிசைல நின்னோம்லடா. அவரு வேர்வ நம்ம மேல தெறிச்சுச்சு.

மேனேஜர்: கேக்கக் கேக்க இனிப்பாத்தான் இருக்கு. இதெல்லாம் முதல் பாதி. ரெண்டாம் பாதி?

குழாய்க்காரர்: ரெண்டாம் பாதி... ஆங்... அதெல்லாம் சொல்லில் அடங்காது.

மருந்துக்கடை: வார்த்தையே கெடையாது தங்கச்சி.

மேனேஜர்: அதான் எனக்குப் புரியல. முதல் பாதின்னா ரெண்டு பேரும் மூச்சு விடாமப் பேசுறீங்க. ரெண்டாம் பாதின்னா வாயில கொழுக்கட்ட. உலகத்துல இந்தக் குழுவக் கேக்குறவங்க எல்லாம் கேசட்டு கேசட்டா காப்பி போட்டுக் கொண்டாடுறது அந்த ரெண்டாம் பாதியத்தான். அந்த மணிச் சத்தத்தத்தான்.

மருந்துக்கடை: ஆமாமா. மணி.

குழாய்க்காரர்: மணி. ஆமா.

மேனேஜர்: முன் வரிசைல நின்னீங்களே, கண்ணால பாத்திருப்பீங்களே. டிரம்மர் எதத் தட்டினாரு?

குழாய்க்காரர்: சைக்கிள் மணி.

மருந்துக்கடை: இரும்புச் சட்டி.

மேனேஜர்: மணியா, சட்டியா?

குழாய்க்காரர்: சைக்கிள் மணிய... சட்டிக்குள்ள வச்சு.

மருந்துக்கடை: அதேதான். சட்டிக்குள்ள.

மேனேஜர்: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணுங்க. காலைல அந்த டிரம்மரே எனக்கு ஃபோன் பண்ணாரு.

குழாய்க்காரர்: யாரு?

மேனேஜர்: டிரம்மர். மொட்டைமாடி குழு டிரம்மர். மேனேஜர்னா ஃபோன் வரும்ல? "அம்மா, ஊரெல்லாம் இத்தன வருஷமா அந்த மணிக்கு என்னப் பாராட்டுறாங்க. நானும் சிரிச்சு மழுப்பிட்டே வர்றேன். அத நான் அடிக்கல. உங்க கட்டடம் அடிச்சுது"ன்னாரு.

மருந்துக்கடை: கட்டடமா...

மேனேஜர்: மேடைக்குப் பின்னாடி சுவத்துல இருந்து வந்துச்சாம். அவங்க அதப் புடிச்சுக்கிட்டுப் போனாங்களாம், அவ்வளவுதானாம். "அத அடிச்சது ஒரு மனுஷன்தாம்மா. நாங்க கேள்வி கேட்டா பதில் சொன்னான். அவன் எங்க இருந்தாலும் தேடிப் புடிங்க, சனிக்கிழமை எங்களோட அடிக்கணும்"ன்னு கெஞ்சாத கொறையா கேக்குறாரு.

குழாய்க்காரர்: இத்தன வருஷம் கழிச்சு எங்க போய்த் தேடுவ? விடு.

மேனேஜர்: மேடைக்குப் பின்னாடி சுவத்துல என்ன இருக்குன்னு போய்ப் பாத்தேன். ஒரு தண்ணி பைப்பு. அது எங்க இருந்து வருதுன்னு தொடர்ந்து வந்தேன். இங்க வந்து நிக்குது. இதோ, உங்க மூக்குக்கு முன்னாடி. இந்தப் பைப்புல என்னங்க இத்தன குழி?

குழாய்க்காரர்: துரு.

மேனேஜர்: துரு வரிசையாக் குழி போடுமா?

மருந்துக்கடை: எலியா இருக்கும் தங்கச்சி.

மேனேஜர்: எலிக்கு ஸ்பேனர் யாருண்ணே வாங்கிக் குடுத்தா?

மருந்துக்கடை: மாப்ள... எனக்கு வேர்க்குது.

குழாய்க்காரர்: வாய மூடு.

மருந்துக்கடை: என்னால முடியாதுடா. எனக்கே ரத்தக் கொதிப்பு மாத்திரை நாந்தான் குடுத்துக்கிறேன். தங்கச்சி, நாங்க முன் வரிசைல நிக்கல. முதல் பாதில நின்னோம். ரெண்டாம் பாதி முழுக்க இந்த ரூமுக்குள்ளதான் கெடந்தோம்!

குழாய்க்காரர்: டேய்... போச்சு. எல்லாம் போச்சு.

மேனேஜர்: இந்த ரூமுக்குள்ள. ரெண்டு பேரும்.

மருந்துக்கடை: அப்ப நாங்க ரெண்டு பேரும் யாரோ எவரோ. இடைவேளைல எனக்கு அவசரம். ரொம்ப அவசரம். கழிவறைன்னு நெனச்சு இந்தக் கதவத் தொறந்தா, இருட்டுல ஒரு ஆளு குனிஞ்சு நிக்கிறாரு. சரி, வரிசை போலன்னு நானும் பின்னாடி நின்னேன்.

குழாய்க்காரர்: நான் வேலைய முடிச்சு நேரா வந்தவன். வாசல்ல பையோட உள்ள விட மாட்டேன்னாங்க. வாட்ச்மேன் இந்த ரூம்ல வைக்கச் சொன்னான். ஸ்பேனர் எல்லாம் இருக்கே, பத்திரமா இருக்கான்னு பாக்க இடைவேளைல வந்தேன். பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்க. திரும்பினா, "உங்களுக்கு முடிஞ்சுதா சார்?"ங்குறான் இவன்.

மருந்துக்கடை: அந்த நேரம் பாத்து கதவு படார்னு சாத்திச்சு. பூட்டுற சத்தம்.

குழாய்க்காரர்: எந்தப் படுபாவி பூட்டினானோ, நல்லா இருக்கட்டும்!

மருந்துக்கடை: எனக்கு மட்டும் அவன் கெடச்சான்... பேதி மருந்து. ஓசியிலயே.

மேனேஜர்: அப்படியா. ம்... சொல்லுங்க.

குழாய்க்காரர்: கத்தினோம். கதவ உதைச்சோம். அதுக்குள்ள அங்க வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம கத்தல் யாருக்குக் கேக்கும்? அப்பதான் இந்தப் பைப்பு கண்ணுல பட்டுச்சு. மேல ஏறி மேடைப் பக்கம் திரும்புது. இரும்புல தட்டினா அந்தக் கோடிக்குக் கேக்கும், இது என் தொழில். ஸ்பேனர எடுத்து விட்டேன் ஒண்ணு. டங்... டங்... டடங்!

மருந்துக்கடை: மேடைல சத்தம் நின்னு போச்சு. அப்பாடா, கேட்டுருச்சு, தொறக்க வர்றாங்கன்னு நான் கட்டிப் புடிச்சுக்கிட்டேன் இவன. இன்னொரு தடவ அடிங்க சார், அடிங்க சார்ங்குறேன்.

குழாய்க்காரர்: அடிச்சேன். டங்... டங்... டடங். அங்கேருந்து டிரம்மு அதையே திருப்பி அடிக்குது!

மருந்துக்கடை: கூட்டம் ஓன்னு கத்துது!

குழாய்க்காரர்: எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. இன்னும் வேகமா அடிச்சேன். கிட்டாரும் சேர்ந்துக்கிச்சு. நான் "தொறங்கடா"ன்னு அடிக்கிறேன், அவங்க "ஆகா"ன்னு கத்துறாங்க. நான் "மூச்சு முட்டுதுடா"ன்னு அடிக்கிறேன், அவங்க கை தட்டுறாங்க!

மேனேஜர்: ஹ... ஹஹ...

குழாய்க்காரர்: சிரி. நல்லா சிரி. இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்.

மேனேஜர்: இல்லங்க... சொல்லுங்க. அண்ணன் என்ன பண்ணாரு?

மருந்துக்கடை: அண்ணனுக்கு அவசரம்மா. அந்த மூலைல ஒரு வாளி இருந்துச்சு... வேணாம். அந்தப் பேச்ச விட்ரு.

குழாய்க்காரர்: கேசட்டுல நடுவுல ஒரு எடத்துல சலசலன்னு ஒரு சத்தம் வருமே, மழைச் சத்தம்னு சொல்லி நீ உருகுவியே...

மருந்துக்கடை: டேய்! பைப்புல அது எப்படிடா கேக்கும்? சும்மா சொல்றான் தங்கச்சி, நம்பாத!

மேனேஜர்: ஐயோ... வயிறு வலிக்குது... இருங்க... அப்புறம்?

குழாய்க்காரர்: அப்புறம் எனக்குக் கை ஓஞ்சு போச்சு. ஸ்பேனரக் கீழ போட்டுட்டு உக்காந்துட்டேன். அங்கயும் எல்லாம் நின்னுருச்சு. ஒரு சத்தம் இல்ல. அத்தன கூட்டம், ஒரு இருமல் இல்ல. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அது எப்படியோ தெரிஞ்சுதும்மா, சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்தே. டிரம்மர் மெதுவா ஒரே ஒரு தட்டு தட்டினாரு. என்னப்பா, இருக்கியான்னு கேக்குற மாதிரி.

மருந்துக்கடை: நாந்தான் ஸ்பேனர எடுத்து கைல குடுத்தேன்.

குழாய்க்காரர்: இவன் குடுத்தான். அடிச்சேன். ஆனா அதுக்கப்புறம்... கதவு மறந்து போச்சு. எப்ப மறந்துச்சுன்னு தெரியல. மேல ஒரு எடத்துல தட்டினா கீச்சுன்னு கேக்குது, கீழ தட்டினா கும்முனு கேக்குது. அவரு கேக்குறாரு, நான் சொல்றேன். நான் கேக்குறேன், அவரு சொல்றாரு. வாழ்க்கைல குழாய்ல தண்ணி வருதான்னு பாக்கத்தான் தட்டியிருக்கேன். அன்னிக்கு ஒரு நாள்தான்... சரி, அது எதுக்கு இப்ப.

மேனேஜர்: ஏன் எங்கிட்ட சொல்லல?

குழாய்க்காரர்: எப்படிச் சொல்லுவேன்? உன்ன முதல் தடவ பாத்தப்ப நீ என்ன சொன்ன? அந்தக் கேசட்டப் போட்டுட்டு, "இந்த மணிய அடிச்ச கை மனுஷக் கை இல்ல"ன்ன. நீ அன்னிக்கு இங்க டிக்கெட் கிழிச்சு விட்டுட்டு சுவரோரமா நின்னு கேட்டவ. உனக்கு அது சாமி மாதிரி. மனசு கஷ்டமா இருந்தா அதத்தான் போடுவ. நம்ம பொண்ணு பொறந்து நீ ஆசுபத்திரில கெடந்தப்பவும் அதத்தான் கேட்ட. அது மணி இல்லம்மா, ஒருத்தன் வெளிய விடச் சொல்லி பைப்ப அடிச்ச சத்தம், பக்கத்துல ஒருத்தன் வாளியோட நிக்கிறான்னு நான் சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் அந்தக் கேசட்ட உன்னால கேக்க முடியுமா? அதான் முன் வரிசைல நின்னேன்னு ஒரு பொய்ய சொல்லித் தொலைச்சேன். உன் சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரல. இப்பப் போட்டாச்சு.

மருந்துக்கடை: தங்கச்சி, அழுவுறியா சிரிக்கிறியா? ஏதாவது ஒண்ணு பண்ணும்மா, பயமா இருக்கு.

மேனேஜர்: ரெண்டும்தாண்ணே. ஏங்க... சனிக்கிழமை அடிப்பீங்களா?

குழாய்க்காரர்: நானா? அத்தன பேருக்கு முன்னாடியா? மாட்டேம்மா.

மேனேஜர்: மேடைல வேணாம். இங்கயே. இதே பைப்புல.

குழாய்க்காரர்: வராதும்மா. நான் என்ன வித்வானா? அன்னிக்கு வெளிய போக வழி இல்ல, அதனால வந்துச்சு. கதவு தொறந்திருந்தா, முதல் அடி தப்பாப் போனதுமே ஓடியிருப்பேன். சனிக்கிழமையும் ஓடிருவேன்.

மேனேஜர்: அப்ப பூட்டிர்றேன்.

மருந்துக்கடை: சபாஷ்! இது பேச்சு. நானும் உள்ள இருக்கேன் மாப்ள. இந்தத் தடவ எல்லாத்தையும் முடிச்சிட்டே வர்றேன்.

குழாய்க்காரர்: வெளயாடாதீங்க. மேனேஜர் நிக்க வேண்டிய எடம் ஆயிரம் இருக்கும். யாரு இங்க வந்து பூட்டிக்கிட்டு நிப்பா?

மேனேஜர்: நாந்தான். அன்னிக்கும் நாந்தான பூட்டினேன்.

குழாய்க்காரர்: என்ன சொன்ன?

மேனேஜர்: இடைவேளை முடிஞ்சா ஸ்டோர் ரூமப் பூட்டுறது என் வேல. அங்க ஆரம்பிச்சிருவாங்களேன்னு அவசரம். உள்ள எட்டிப் பாக்காம இழுத்துப் பூட்டிட்டேன்.

மருந்துக்கடை: அடிப்பாவி தங்கச்சி! நானு... அந்த வாளி...

மேனேஜர்: மன்னிச்சிருங்கண்ணே. வேல போயிரும்னு பயம். கச்சேரி முடிஞ்சதும் சாவிய வாட்ச்மேன் கைல குடுத்துட்டு ஓடிட்டேன். உள்ள யாருன்னு கூடப் பாக்கல.

குழாய்க்காரர்: அப்ப... நாந்தான்னு இன்னிக்குத்தான் தெரியுமா?

மேனேஜர்: எங்க அம்மா வீட்டு அடுப்படில குழாய் அடைச்சுக்கிச்சு, நீங்க வந்தீங்க. அடைப்பு எங்கன்னு தட்டிப் பாத்தீங்க. டங்... டங்... டடங். கைல இருந்த தம்ளர் கீழ விழுந்துச்சு எனக்கு. அப்புறம் அந்தக் கேசட்டப் போட்டது, கை அது இதுன்னு சொன்னது எல்லாம் வேணும்னுதான். நீங்களே வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க முன் வரிசைன்னீங்க.

குழாய்க்காரர்: அன்னிக்கேவா! ஏண்டி, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?

மேனேஜர்: சொன்னா, பூட்டினது யாருன்னு கேப்பீங்களே. கட்டிக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். கட்டிக்கிட்டதும் நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். இப்படியே போயிருச்சு.

மருந்துக்கடை: அதெல்லாம் இருக்கட்டும்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ சுவரோரமா நின்னு கேட்டது எந்தச் சுவரு?

மேனேஜர்: இந்தச் சுவருதான். முதல் அடிலயே புரிஞ்சுபோச்சு, உள்ள ஆளு மாட்டிக்கிச்சுன்னு. ஓடி வந்தேன். சாவியப் பூட்டுல போட்டுட்டேன். பாதி திருகியும் ஆச்சு.

குழாய்க்காரர்: அப்புறம் ஏம்மா தொறக்கல?

மேனேஜர்: தொறந்தா நீங்க அடிக்கிறத நிறுத்திருவீங்களே.